சப்போர்ட் பண்ணாது

போனில் ஓடுவதை வயர் இல்லாமல் டிவியில் போட வேண்டுமென்றால் கேரளத்து அட்டப்பாடியில், அகளியில் எங்கள் பக்கத்து ஆட்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூளிக்கடவிலிருந்தும் கூப்பிடுவார்கள், கோட்டத்தறையிலிருந்தும் கூப்பிடுவார்கள். புது டிவி வந்திறங்கிய வீட்டில் எனக்குத்தான் முதல் காபி. வாழை வைத்துப் பிழைக்கிறவன் நான். எலக்ட்ரானிக்ஸ் எதுவும் படித்ததில்லை. ஆனாலும் ரிமோட்டைக் கையில் வாங்கி, செட்டிங்ஸுக்குள் போய், வீட்டுக்காரர் கேட்டிராத இரண்டு சொற்களைச் சொல்லிக்கொண்டே படத்தை வரவைத்துவிடுவேன். அந்த நேரத்தில் என் முகத்தில் ஒரு களை வரும் என்று என் மனைவி சொல்வாள்.

இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வழி இரண்டு இருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். போன் திரையில் தெரிவதை அப்படியே டிவிக்கு அனுப்புவது ஒன்று. இதற்கு மிராகாஸ்ட் என்று பெயர். 2012-இல் வைஃபை அலையன்ஸ் என்ற அமைப்பு கொண்டுவந்தது. மோடம் வேண்டாம், நெட் வேண்டாம். போனும் டிவியும் தங்களுக்குள் நேரடியாக வைஃபையில் பேசிக்கொள்ளும். இந்த வசதி தருகிற ஒவ்வொரு கம்பெனிக்காரனும் தன் போனில் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறான். ஒருவன் ஸ்மார்ட் வியூ என்பான், இன்னொருவன் ஸ்கிரீன்காஸ்ட், வேறொருவன் வயர்லெஸ் டிஸ்ப்ளே. பெயர் தெரியாததால் தங்கள் போனில் அந்த வசதியே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் வீட்டில் நான் எத்தனையோ காபி குடித்திருக்கிறேன். இதில் ஒரு இடைஞ்சல் உண்டு. படம் முடியும்வரை போனை வேறு எதற்கும் எடுக்க முடியாது. யார் கூப்பிட்டாலும் பெயர் டிவியில் தெரியும், வாட்ஸ்ஆப் சேதியும் மேலே வந்து நிற்கும்.

இரண்டாவது வழி 2013-இல் கூகுள் விட்ட குரோம்காஸ்ட்டோடு பரவலானது. இதில் போன் வீடியோவை அனுப்புவதே இல்லை. எந்த வீடியோ என்பதை மட்டும் டிவிக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். டிவி தானாகவே இணையத்துக்குப் போய் அதை எடுத்து ஓட்டும். போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாலும் பெரும்பாலும் டிவியில் படம் நிற்காது. ஆனால் போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். இந்த ஒரே வைஃபை என்பதில்தான் ஆட்கள் வழுக்குவார்கள். மோடம் இரண்டு பெயர் காட்டும், வாலில் 5ஜி என்று ஒன்றுக்கு இருக்கும். சில வீடுகளில் போன் ஒன்றிலும் டிவி இன்னொன்றிலும் நின்றுகொண்டு ஒன்றையொன்று காணாமல் தேடும்.

காசு கட்டிப் பார்க்கிற சினிமா ஆப்களில் இன்னொரு சங்கதி. திருட்டுப் பிரதி எடுத்துவிடக் கூடாது என்று படத்துக்குப் பூட்டுப் போட்டிருப்பார்கள். திரையை அப்படியே அனுப்பினால் பல சமயம் சத்தம் வரும், படம் கறுத்துக் கிடக்கும். யூட்யூபில் சும்மா பார்க்கிற வீடியோவுக்கு அந்தத் தொல்லை இல்லை. சினிமா வராமல் போகலாம், யூட்யூப் வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன பொய் இதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது.

2020 ஜூன் 1-ஆம் தேதி கேரளத்தில் பள்ளிக்கூடம் டிவியில் திறந்தது. கேரள அரசின் கைட் நிறுவனத்தின் விக்டர்ஸ் சேனலில் ஃபர்ஸ்ட் பெல் என்ற பெயரில் ஒன்றாம் வகுப்பிலிருந்து பாடம் ஓடியது. அப்துல் கலாம் 2005-இல் தொடங்கிவைத்த சேனல் அது. அதுவரை எங்கள் பக்கத்தில் அதை யாரும் திருப்பிப் பார்த்ததாக நினைவில்லை. அன்றைக்கே மலப்புறம் மாவட்டத்தில் ஒன்பதாவது படிக்கிற ஒரு பிள்ளை உயிரை விட்டுவிட்டது. வீட்டில் டிவி ரிப்பேர், நல்ல போனும் இல்லை, பாடம் பார்க்க முடியவில்லை. பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியை வீட்டில் சத்தமாக வாசித்தவன் நான். அரசாங்கத்தைத் திட்டியதும் நான்தான்.

அந்த வாரமோ அடுத்த வாரமோ, எங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிற அம்மா ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். எங்கள் தோட்டத்தை ஒட்டி மேலே இருக்கிற இருளர் ஊருக்காரர். மகள் எட்டாவது. அட்டப்பாடியில் தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது. இந்தப் பெண்ணும் தமிழ் வழிதான். விக்டர்ஸில் ஓடியது மலையாளப் பாடம். தமிழ் வழிப் பாடத்தைத் தனியாக எடுத்து யூட்யூபில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்கய்யா, புள்ளைக்குத் தமிழ்ப் பாடம் பெரிய போன்லதான் வருதாமுங்க. எங்ககிட்ட பட்டன் போன்தானுங்க. உங்க வூட்டு டிவில போட்டு உட்டீங்கன்னா, வாசல்ல நின்னாவது பாத்துக்குமுங்க. கூட ரெண்டு மூணு புள்ளைக இருக்குதுங்க."

நான் போனை எடுத்து எதையோ தட்டிப் பார்ப்பதுபோல் பார்த்தேன். "நம்ம டிவில இது வராதும்மா" என்றேன்.

அந்தப் பெண் அம்மாவுக்குப் பின்னாலிருந்து, "அன்னைக்கிப் படம் வந்துச்சுங்களே?" என்றாள்.

"அது வேற கண்ணு. அது சினிமா ஃபைலு. யூட்யூப் பாடத்துக்கு இந்த டிவி சப்போர்ட் பண்ணாது. மிராகாஸ்ட்ல புரோட்டோகால் வேற."

அம்மா தலையாட்டினார். சப்போர்ட் பண்ணாது என்று சொன்ன பிறகு யாரும் மேலே கேட்பதில்லை. மனசில்லை என்றால் கெஞ்சிப் பார்ப்பார்கள், நேரமில்லை என்றால் நாளைக்கு வருகிறேன் என்பார்கள். மிஷினே ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது, சொன்னவன் மேல் கோபம்கூட வராது. சந்தையில் எடை போடுகிற தராசில் ஏமாற்றினால் திருட்டு என்போம். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

அந்தப் பெண் சொன்ன படம் எது என்றும் சொல்லிவிடுகிறேன். சச்சி இயக்கிய 'அய்யப்பனும் கோஷியும்'. 2020 பிப்ரவரியில் வந்தது. கதை நடப்பது அட்டப்பாடியில். எங்கள் ரோடு, எங்கள் மலை. மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. யாரோ டெலிகிராமில் அனுப்பிய பிரதி என் போனில் இருந்தது. அது திருட்டுப் பிரதி, அதையும் இந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். ஒரு ராத்திரி சொந்தக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு, கூடம் நிறைய ஆட்களை உட்காரவைத்து, மிராகாஸ்ட் போட்டுக் காட்டினேன். கொரோனா, இடைவெளி எல்லாம் அன்றைக்கு யாருக்கும் நினைவில் இல்லை. தோட்டத்துப் பக்க ஜன்னலுக்கு வெளியே நாலைந்து தலைகள் தெரிந்தன. நான் பார்த்தேன். ஜன்னலைச் சாத்தவில்லை, நல்ல மனசு. உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை.

படத்தில் நஞ்சியம்மாவின் குரல் வந்தபோது கூடத்தில் ஒரே ஆரவாரம். நம்ம நக்குபதி நஞ்சியம்மா, ஆடு மேய்ப்பாங்களே அவங்க என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். இருள மொழியில் அவர்களே கட்டிய பாட்டு. உள்ளே நாங்கள் அந்தப் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பாட்டின் மொழி வீட்டு மொழியாக இருக்கிற பிள்ளைகள் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம்.

ஏன் பொய் சொன்னேன் என்று பிறகு பல தடவை எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதல் விளக்கம் டேட்டா. வீட்டில் அப்போது பிராட்பேண்ட் கிடையாது. போனில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. அதில்தான் எல்லாம். கேட்பதற்கு நியாயமாக இருக்கும். கணக்குப் போட்டால் நிற்காது. அரை மணி நேரப் பாடத்தைச் சுமாரான தெளிவில் ஓட்டினால் கால் ஜிபி ஆகும், அவ்வளவுதான். என் போனில் தினமும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மீதி டேட்டா பயன்படாமல் செத்துக்கொண்டிருந்தது. யூட்யூபில் டவுன்லோடு பட்டன் இருக்கிறது. படுக்கப் போவதற்கு முன்னால் அதைத் தட்டி வைத்திருந்தால், காலையில் நெட்டே இல்லாமல் பாடத்தை மிராகாஸ்ட்டில் ஓட்டியிருக்கலாம். எனக்கு ஒரு பைசா செலவில்லை. இது எனக்கு அன்றைக்கே தெரியும். பேரனுக்குக் கார்ட்டூன் அப்படித்தான் இறக்கி வைப்பேன்.

இரண்டாவது விளக்கம் போனில் வருகிற சேதிகள். பிள்ளைகள் பாடம் பார்த்துக்கொண்டிருக்கும்போது கொடுக்கல் வாங்கல் சமாச்சாரம் எதுவும் டிவியில் வந்து நின்றுவிடக் கூடாதே என்று. அதற்கும் தொந்தரவு செய்யாதே என்று போனில் ஒரு பட்டன் இருக்கிறது. மற்ற வீடுகளில் நானே அதை அழுத்தச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மூன்றாவது கொரோனா. கூடம் நிறைய ஆள் வைத்துப் படம் காட்டியவன் அதைச் சொல்ல முடியாது. நல்லவேளை, சொல்லவுமில்லை.

மூன்றையும் ஒதுக்கிவிட்டால் மிச்சம் நிற்பது கூடம்தான். அந்தப் பிள்ளைகள் தினமும் காலையில் என் வீட்டுக் கூடத்தில் வந்து உட்காருவார்கள். அந்த அம்மா வாசலில் நின்றாவது என்றுதான் கேட்டார். வெயிலிலும் மழையிலும் பிள்ளைகளை வாசலில் நிறுத்திப் பாடம் காட்டினால் நாலு பேர் பார்ப்பார்கள், என்னைப் பற்றி நான் வைத்திருக்கிற பெயர் கெடும். உள்ளே உட்காரவைக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. உடம்பு என்று தெரிந்துதான் எழுதுகிறேன். புத்தியில் எனக்கு அவர்கள் வேறு, நாங்கள் வேறு என்ற வித்தியாசம் கிடையாது. மேடையில் பேசச் சொன்னால் கண்ணீர் வரப் பேசுவேன். எங்கள் பாட்டி காலத்தில் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சிரட்டையில்தான் தண்ணீர். அதைச் சொல்லி வருத்தப்பட்டு ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். இப்போது என் வீட்டில் அவர்களுக்கு டீ பேப்பர் கப்பில் போகிறது. எனக்குச் சில்வர் டம்ளர். சுகாதாரம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

இந்த மண்ணில் யார் வீட்டுக்கு யார் விருந்தாளி என்று பார்த்தால் இன்னும் கூசுகிறது. 1951 கணக்கெடுப்பில் அட்டப்பாடியில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இருளர், முடுகர், குறும்பர். இன்றைக்கு அவர்கள் பாதிக்கும் குறைவு. நடுவில் வந்தவர்கள் மேற்கேயிருந்து சுரம் ஏறி வந்தவர்களும், கிழக்கே ஆனைகட்டி வழியாகக் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களும். என் தாத்தா இரண்டாவது கூட்டம். பறிபோன பழங்குடி நிலத்தை மீட்டுக் கொடுக்க 1975-இல் கேரளத்தில் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் என்ன ஆனது என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் வீடு நிற்கிற இடத்துக்குப் பழைய கதை என்னவென்று அப்பாவிடம் நான் கேட்டதே இல்லை, அதை மட்டும் சொல்கிறேன். கேட்காமல் விட்டதும் சும்மா நடந்ததல்ல.

பொய் சொன்ன அதே ஜூன் மாதம், 18-ஆம் தேதி, திருச்சூரில் சச்சி இறந்துபோனார். நான் ஃபேஸ்புக்கில் நீளமாக எழுதினேன். எங்கள் அட்டப்பாடியின் குரலை உலகத்துக்குக் கேட்கவைத்த கலைஞன் என்று எழுதினேன். நிறையப் பேர் விரும்பினார்கள். அந்த வாரம் தமிழ்ப் பாடத்துக்கு ஊருப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று விசாரிக்கத் தோன்றவில்லை.

பிறகு தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கொஞ்ச நாள் கழித்து அவர்கள் ஊரில் பொதுவாக ஒரு டிவி வைத்தார்கள். அதில் விக்டர்ஸ் வந்தது. தமிழ் வழியில் படிக்கிற அந்தப் பெண் மலையாளத்தில் கணக்குப் பார்த்து, தமிழ்ப் புத்தகத்தை வைத்துத் தானாகப் பொருத்திப் படித்தாள். பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது கணக்கில் பின்தங்கியிருந்தாள். ட்யூஷனுக்கு அனுப்ப வேண்டும் என்று அவள் அம்மா என்னிடம்தான் முன்பணம் கேட்டார். உடனே எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்தடுத்த வாரங்களில் கூலியில் பிடித்தும் கொண்டேன்.

2022 ஜூலையில் தேசிய விருது அறிவித்தார்கள். சிறந்த பின்னணிப் பாடகி நஞ்சியம்மா. சச்சிக்குச் சிறந்த இயக்குநர் விருது, அவர் போய் இரண்டு வருடம் கழித்து. முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கு இந்த விருதா என்று ஒரு இசைக்கலைஞர் கேட்க, பெரிய சண்டை கிளம்பியது. வாட்ஸ்ஆப் குழுக்களில் நான் போட்ட சண்டையைப் பார்த்திருந்தால் நஞ்சியம்மாவின் உடன்பிறந்தவன் என்று நினைத்திருப்பீர்கள். ஆதிவாசியின் குரலை வாசலுக்கு வெளியே நிறுத்துகிற சங்கீதம் என்ன சங்கீதம் என்று ஒரு குழுவில் கேட்டேன். வாசலுக்கு வெளியே என்ற அந்த இரண்டு சொற்களை நான்தான் தட்டினேன், யோசிக்காமல்.

மறுநாள் வேலைக்கு வந்த அந்த அம்மாவிடம் என் ஸ்டேட்டஸைக் காட்டி, "பாத்தீங்களா, நம்ம நஞ்சியம்மாவுக்கு டெல்லில அவார்டு" என்றேன்.

"பாத்தேனுங்க, புள்ள போன்ல காட்டுச்சுங்க" என்றார். அதற்குள் ஊருக்குள் பெரிய போன்கள் வந்துவிட்டன. பிறகு, கத்தியைத் துடைத்துக்கொண்டே, "அந்தப் பாட்ட நாங்க உங்க வூட்டு ஜன்னல்லதானுங்க மொதல்ல கேட்டோம்" என்றார்.

குத்திக்காட்டினாரா, நன்றியாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நன்றியாக இருக்குமோ என்பதுதான் அதிகம் உறுத்துகிறது. அதுவரை அந்தப் பொய்யைப் பற்றி எப்போதாவது லேசான வெட்கம் வரும், போய்விடும். அன்றைக்குப் பிறகு போகவில்லை. அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். அம்மா, அன்றைக்கு டிவியில் பாடம் வந்திருக்கும், நான்தான் வராது என்றேன். இவ்வளவுதான் வாக்கியம். சொல்லாமல், வாழைத்தார் எத்தனை வெட்டியாயிற்று என்று கேட்டேன்.

அதற்கப்புறமும் என் டிவி வைத்தியம் தொடர்ந்தது. 2025 மார்ச்சில் பழைய மாடல் குரோம்காஸ்ட் கருவிகள் உலகம் முழுக்க ஒரே நாளில் படுத்துக்கொண்டன. உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழுக்கு ஆயுசு முடிந்திருந்தது. பதறிப்போய் ரீசெட் அடித்தவர்கள் இன்னும் மோசமாக மாட்டிக்கொண்டார்கள். ஒரு சொந்தக்காரர் வீட்டில் அந்தக் கருவி இருந்தது. தொடாதீர்கள், வருகிறேன் என்று சொல்லி ராத்திரி பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். யானை இறங்குகிற ரோடு. அவருக்குக் கிரிக்கெட் பார்க்க வேண்டும். திரும்பி வரும்போதுதான் கணக்கு மனசில் ஓடியது. கூடத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கிற தூரத்துக்கு எனக்குக் கால் வரவில்லை. இந்த ரோட்டுக்கு மட்டும் வருகிறது.

அந்தப் பெண் இப்போது ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். என் வீட்டில் பிராட்பேண்ட் வந்துவிட்டது. போன வருடம் அவளை வழியில் பார்த்து, "ஏதாவது டவுன்லோடு பண்ணணும்னா வீட்டுக்கு வந்து வைஃபை போட்டுக்கோ கண்ணு, பாஸ்வேர்டு தர்றேன்" என்றேன். "வேண்டாமுங்க, என் போன்லயே ஓடுதுங்க" என்று சிரித்துக்கொண்டு போனாள். பொய்யை ஒத்துக்கொள்ளாமல் பாஸ்வேர்டைக் கொடுத்து அடைத்துவிடலாம் என்று பார்த்திருக்கிறேன், முன்பணம் கொடுத்ததைப் போலவே. பேப்பர் கப் இன்னும் நிற்கவில்லை. நிறுத்தலாம் என்றபோது மனைவி, "டம்ளரை யார் கழுவுறது?" என்றாள். நான் கழுவுகிறேன் என்று என் வாயில் வரவில்லை.

இவ்வளவையும் எழுதிவிட முடிகிறது. முகம் பார்த்துச் சொல்லத்தான் முடியவில்லை. அந்தப் பெண் தமிழ் வழியில் படித்தவள், இது அச்சில் வந்தால் எப்படியும் வாசித்துவிடுவாள். அதற்கு முன்னால் மேலே ஊருக்கு நடந்து போய் அம்மாவிடமும் மகளிடமும் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன். நேற்று அந்த அம்மா வேலைக்கு வந்திருந்தார். வாழைக்கு உரம் வைப்பதைப் பற்றிப் பேசினோம்.